துறைமுகத்தில் இறங்கிய ஆங்கிலமும் நமது ஆய்வுகளும்

ஆங்கில மொழியியல், மொழிபெயர்ப்பியல், ஆங்கில இலக்கியம் ஆகிய துறைகளில் இலங்கையில் நடந்த ஆய்வுகளின் வரலாற்றைச் சொல்பவர்கள் கொழும்பில் தொடங்கிப் பேராதனையில் முடிப்பது வழக்கம். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம், பேராசிரியர் லுடோவைக்கின் வகுப்பறையும் நாடக மேடையும், 1952இல் பேராதனைக்கு நடந்த பெயர்ச்சி என்று அது செல்லும். 1974க்குப் பிறகு யாழ்ப்பாணம் ஓர் அத்தியாயமாகச் சேரும். திருகோணமலையின் பெயர் அதில் வருவது அரிது. வந்தாலும் கடற்படைத் தளமாக வரும், போர்க்காலச் செய்தியாக வரும்.

இன்று நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. மொழிகளுக்கும் தொடர்பாடல் கற்கைகளுக்கும் அங்கே ஒரு துறையும் இருக்கிறது. அத்துறையின் மாணவரும் அவரைப் போல நாட்டின் மற்ற வளாகங்களில் ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவரும் ஆய்வுத் தலைப்புத் தேடும்போது எங்கே பார்க்கிறார்கள் என்பது எனக்கு நீண்ட காலமாக உள்ள கவலை. ஆங்கிலத்தில் எழுதிய ஒரு புகழ்பெற்ற நாவல், மேற்கிலிருந்து வந்த ஒரு கோட்பாடு, இரண்டையும் பொருத்திப் பார்க்கும் எண்பது பக்கம் என்பதே வழக்கமாகிவிட்டது. அந்த நாவலை வாசிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மாவட்டத்துக்கு ஆங்கிலத்தோடு மூன்றரை நூற்றாண்டு உறவு உண்டு, அந்த ஆங்கிலத்தைத் தமிழில் வாங்கி, எடைபோட்டு, பதில் எழுதிய ஒரு மரபும் உண்டு. ஆய்வு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உறவின் முதற் பக்கம் கொட்டியாரக் குடாவில் இருக்கிறது. புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் பழுது பார்க்க அங்கே நங்கூரமிட்டது. 1660இல் கப்பல் தலைவரும் மாலுமிகள் சிலரும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். தலைவரின் மகன் றொபேட் நொக்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது. தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்து, 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவரது நூல் வெளிவந்தது. றோயல் சொசைட்டியின் விஞ்ஞானி றொபேட் ஹுக் அதற்கு முன்னுரை எழுதினார். சில ஆண்டுகளுக்குள் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சு மொழிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. டானியல் டீபோ 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையை நேரடியாகவே எடுத்துச் சொல்கிறார். 1719இல் வந்த 'றொபின்சன் குறூசோ'வுக்கும் நொக்ஸின் நூல் ஒரு தூண்டுதல் என்று வாதிடுவோர் உண்டு. கதறின் பிராங்க் 2011இல் இதை ஒரு முழு நூலாகவே எழுதினார்.

ஆங்கில நாவலின் பிறப்பைப் பற்றிப் பாடம் நடத்தும்போது மூதூர்க் கரையையும் சொல்லித்தான் நடத்த வேண்டும் என்ற உரிமை இதனால் நமக்குக் கிடைக்கிறது. மூதூரில் நொக்ஸ் பிடிபட்டதாகச் சொல்லப்படும் இடத்தை வெள்ளைக்காரன் மரம் என்ற பெயரும் நினைவுக்கல்லும் அடையாளம் காட்டின. ஆனால் நொக்ஸ் பற்றிய ஆய்வில் பெரும்பகுதி கண்டிச் சமூகத்தைப் பற்றியது. அவரது குறிப்புகளையும் சேர்த்து போலுஸ் 1989இல் இலங்கையில் வெளியிட்ட பெரும் பதிப்பு உட்பட, கவனமெல்லாம் மலைநாட்டின் மீதே விழுந்திருக்கிறது. அது இயல்பு, அவர் வாழ்ந்தது அங்கேதான். இருந்தாலும் அவரது சிறைவாசக் கதையின் இரு முனைகளிலும் தமிழ் பேசும் மக்கள் நிற்கிறார்கள். தொடக்கத்தில் கொட்டியாரக் கரை. முடிவில், தப்பி ஓடும் வழியில், அனுராதபுரத்துக்கு அப்பால் சிங்களம் செல்லுபடியாகாத ஊர்கள். இவ்விரு பகுதிகளையும் எடுத்து, ஓர் ஆங்கிலேயன் எந்தெந்த மொழியை எங்கெங்கே கைக்கொண்டான், எங்கே வாயடைத்து நின்றான் என்று வரைபடம் போடுவது நல்ல சமூக மொழியியல் ஆய்வாகும். பதினேழாம் நூற்றாண்டின் கீழைக்கரையில் ஐரோப்பியரும் உள்ளூராரும் பேசிக்கொள்ளப் பெரும்பாலும் போர்த்துக்கேயமே பொதுமொழியாக இருந்தது என்பதையும் அப்படிப்பட்ட ஆய்வு கணக்கில் எடுக்கும்.

துறைமுகம் ஆங்கில இலக்கிய வரலாற்றைத் தொடும் இன்னோர் இடம் மயானம். ஜேன் ஒஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்டின், 1852இல் பர்மாப் போரின்போது இறந்து திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். ஜேன் ஒஸ்டினின் நாவல்களில் வரும் கடற்படை மனிதர்களைப் பற்றி எழுதும் மாணவருக்கு இது ஒரு செய்தி. இதற்கு மேல் இதை இழுக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர் புதைந்த இடங்களை எண்ணிக்கொண்டிருப்பது ஆய்வாகிவிடாது.

பொருள் செறிந்த இடம் 1891ஆம் ஆண்டு. அந்த ஆண்டில் திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' (1885) வந்த ஆறு ஆண்டுகளில் வந்த இதை ஈழத்தின் இரண்டாவது தமிழ் நாவலாக இலக்கிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். கதை இங்கே பிறந்ததன்று. 'வலன்டைனும் ஓர்சனும்' என்ற ஐரோப்பிய வீரகாவியக் கதை அது. பிறந்தவுடன் காட்டில் பிரிந்த இரட்டைச் சகோதரர்களில் ஒருவனைக் கரடி வளர்க்கிறது, மற்றவன் அரண்மனையில் வளர்கிறான், பின்னர் இருவரும் எதிரெதிரே வருகிறார்கள். பிரெஞ்சில் 1489இல் லியோன் நகரில் இது அச்சேறியது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி வாட்சன் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு இங்கிலாந்தில் மலிவுப் பதிப்புகளாகவும் சிறுவர் கதையாகவும் மேடைக் கூத்தாகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை ஓடியது. டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'கிறிஸ்மஸ் கரோல்' கதையில் ஸ்குரூஜின் சிறுவயது நினைவில் இந்த இரு சகோதரர்களும் வந்து போகிறார்கள். இலண்டனில் ஒரு தலைமுறையின் பிள்ளைப்பருவத்தை நிறைத்த கதை, அதே நூற்றாண்டில் திருகோணமலையிலிருந்து தமிழ் உரைநடையாக வந்திருக்கிறது.

இந்த நூல் மொழிபெயர்ப்பியலாளருக்குக் கிடைத்த அரிய பொருள். ஏன் என்பதை விரித்துச் சொல்ல வேண்டும். நமது பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்பு ஆய்வு என்றால் யூஜீன் நைடா (1964), கட்ஃபோர்ட் (1965) ஆகியோர் வகுத்த சட்டங்களைக் கையில் எடுத்து, ஒரு மூலத்தையும் அதன் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, எது ஒத்திருக்கிறது, எது விடுபட்டது என்று பட்டியலிடுவதாகவே பெரிதும் இருக்கிறது. அதற்கு ஒரு மூலம் வேண்டும், அந்த மூலம் நிலையாக நிற்க வேண்டும். ஊசோன் பாலந்தையிடம் அந்த வித்தை பலிக்காது. இது போர்த்துக்கேய வழியாக வந்த கதை என்று ஈழத்து இலக்கிய வரலாற்றில் பொதுவாகப் பேசப்படுகிறது. கத்தோலிக்கக் கூத்து மரபிலும் இக்கதைக்கு இடம் உண்டு. அப்படியானால் இன்னாசித்தம்பிக்கு முன்னால் இருந்தது அச்சுப் புத்தகமா, கூத்துப் பிரதியா, வாய்மொழியாகக் கேட்ட கதையா, அல்லது ஆங்கிலப் பள்ளியில் வாசித்த சுருக்கமா? இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருக்கவும் கூடும். பெயர்களின் வடிவம், நிகழ்ச்சிகளின் வரிசை, எந்த இடத்தில் கிறிஸ்தவ நெறி அழுத்தம் பெறுகிறது, எந்த இடத்தில் தமிழ்க் கதைசொல்லியின் நடை மேலோங்குகிறது என்பவற்றை வாட்சனின் ஆங்கிலப் பிரதியோடும் கூத்துப் பிரதிகளோடும் ஒப்பிட்டால் பதிலை நெருங்கலாம்.

1972இல் ஜேம்ஸ் ஹோம்ஸ் மொழிபெயர்ப்பியலுக்கு ஒரு வரைபடம் வரைந்தார். அதற்குப் பின் வந்தவர்கள், குறிப்பாக கிடியோன் டூரி, மொழிபெயர்ப்பை அது போய்ச் சேர்ந்த சமூகத்தின் தேவையிலிருந்து பார்க்கச் சொன்னார்கள். 1891இல் திருகோணமலைக் கத்தோலிக்க வாசகருக்கு ஏன் இக்கதை தேவைப்பட்டது என்று கேட்பது அவ்வழியில் கேட்கும் கேள்வி. இதே 1891இல்தான் தென்னாட்டில் சுந்தரம்பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. அதுவும் லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியது. மனோன்மணீயத்தைப் பற்றி அலமாரி நிறைய எழுதியிருக்கிறோம். அதற்குத் தகுதியான நூல்தான். இன்னாசித்தம்பிக்கோ 'இரண்டாவது நாவல்' என்ற ஒரு வரியோடு கடன் தீர்ந்துவிட்டது. இது நியாயமில்லை. ஒரு நூலின் இலக்கியத் தரம் குறைவாக இருக்கலாம். கதை எப்படிப் பயணப்பட்டது என்ற ஆய்வுக்கு அந்தக் குறை தடையாகாது, சில வேளைகளில் துணையாகவும் இருக்கும், ஏனெனில் தேர்ந்த எழுத்தாளன் மூடி மறைக்கும் தையல்கள் அங்கே வெளியே தெரியும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், திருகோணமலையாரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அது மதிக்கப்படுகிறது. சொக்கநாத நாயக்கர் காலத்துக் கதை. வால்டர் ஸ்கொட் 1814இல் 'வேவர்லி'யோடு தொடங்கிவைத்த வகை, ஆங்கிலம் படித்த ஒருவர் கையால் தமிழுக்குள் வந்து, தஞ்சாவூரையும் திருச்சிராப்பள்ளியையும் களமாக எடுத்துக்கொண்டது. சரவணமுத்துப்பிள்ளை (1865-1902) சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அங்கேயே கீழைத்தேயச் சுவடிகளோடு பணியாற்றியவர். ஒரு பக்கம் ஐரோப்பிய இலக்கிய வடிவம், மறுபக்கம் ஏட்டுச்சுவடி என இரண்டுக்கும் நடுவில் அவர் வாழ்ந்தார். 1892இல் அவர் நிகழ்த்தி வெளியான 'தமிழ்ப் பாஷை' என்ற சொற்பொழிவு தமிழின் வரலாற்றை ஆராய்ச்சி நோக்கில் அணுகியது. அதே ஆண்டு வெளிவந்த 'தத்தைவிடு தூது' பெண்களின் மணவுரிமையைப் பேசியது. பழைய தூது வடிவத்தில் புதிய கேள்வி. அண்ணன் தி. த. கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூற்பதிப்பில் பெயர் பெற்றவர்.

ஆங்கிலக் கல்வியால் வந்த விமர்சன முறையைத் தமிழின் மேல் முதலில் பிரயோகித்தவர்களில் ஒருவர் என்ற வகையில் சரவணமுத்துப்பிள்ளையை ஆங்கில இலக்கிய மாணவர் வாசிக்க வேண்டும். அவர் தமிழ்த்துறைக்கு உரியவர் என்று ஆங்கிலத்துறை விட்டுவிடுகிறது. ஆங்கில நாவலின் செல்வாக்கு என்று இரண்டு வரி எழுதித் தமிழ்த்துறையும் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. ஸ்கொட்டிடமிருந்து எதை எடுத்தார், எதை மறுத்தார் என்று நிறுவ இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் ஒரு வருடம் உட்கார வேண்டும். அப்படி உட்காரக்கூடியவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

அடுத்த தலைமுறையில் சுவாமி விபுலானந்தர் (1892-1947). பிறந்தது காரைதீவு. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்திய காலத்தில் திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் கவனிப்பில் இருந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1926இல் வெளியிட்ட 'மதங்க சூளாமணி'யில் அவர் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு நாடக இலக்கணம் வகுத்தார். உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என்று மூன்று இயல்கள். சிலப்பதிகாரத்தின் வழி கிடைக்கும் கூத்திலக்கணமும் வடமொழித் தசரூபகமும் அதில் ஷேக்ஸ்பியரோடு ஒரே அவையில் அமர்கின்றன. இந்த நூலின் அமைப்பே ஒரு முறையியல். ஆங்கில நாடகத்துக்கு அரிஸ்டோட்டில் வேண்டும் என்று யாரும் சொல்லாத இடத்தில் நின்று, தமிழ் இலக்கணத்தின் உறுப்புகளால் அதை அளந்தார். அந்த அளவை எல்லா இடத்திலும் பொருந்தியதா என்றால், இல்லை என்பதே என் கணிப்பு. துன்பியல் நாடகத்தின் உள்முரண்களுக்கு, கதைப்போக்கைக் கட்டங்களாகப் பிரிக்கும் சந்தி என்ற பகுப்பு சில இடங்களில் போதவில்லை. ஆனால் அளப்பவன் யார், அளவுகோல் யாருடையது என்ற கேள்வியை 1926இலேயே செயலால் எழுப்பியவர் அவர். பின்காலனியக் கோட்பாட்டாளர்கள் அதைப் பேராசிரியர் மொழியில் கேட்கப் பின்னர் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றைய ஆங்கிலத்துறை ஆய்வேடுகளில் எட்வர்ட் சையித் இல்லாத நூற்பட்டியலைக் காண்பது கடினம். விபுலானந்தர் இருக்கும் நூற்பட்டியலைக் காண்பது அதைவிடக் கடினம்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து வந்தவர் பிரமிள். திருகோணமலையில் 1939இல் பிறந்த தருமு சிவராமு, இருபது வயதை ஒட்டிச் சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழில் கவிதையும் விமர்சனமும் எழுதத் தொடங்கினார். முறையான உயர்கல்வி இல்லை. ஆங்கிலத்தை வாசித்து வாசித்தே வசமாக்கிக்கொண்டவர், ஆங்கிலத்திலும் எழுதியவர். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எஸ்ரா பவுண்ட் முதலானோர் நடத்திய படிமக் கவிதை இயக்கத்தை அறிந்தவர் தமிழில் எழுதிய கவிதைகள் அந்த இயக்கத்தின் நகலாக இல்லை என்பதை எவரும் உணரலாம். உணர்வதோடு நின்றுவிடாமல், எங்கே விலகுகிறார் என்று மொழியியல் கருவிகளைக் கொண்டு காட்டுவது நடையியல் ஆய்வின் வேலை. வினைமுற்றை எங்கே வைக்கிறார், பெயர்த்தொடரை எப்படிக் கட்டுகிறார், வேற்றுமை உருபு தொக்கு நிற்கும் இடங்கள் எவை என்று பார்த்தால் தெரியும். ஒப்பிலக்கியத்தில் இதைவிட நல்ல தலைப்பு திருகோணமலை மாணவருக்கு எளிதில் அமையாது.

இனி மொழியியல். இலங்கை ஆங்கிலத்தைப் பற்றிய ஆய்வு 1940களில் பாசே இலண்டனில் செய்த கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. இங்கே பேசப்படும் ஆங்கிலத்தைப் பிழைகளின் தொகுப்பாகப் பார்க்கும் மனப்பான்மை நெடுங்காலம் நின்றது. அதை உடைத்தவர்களில் முதன்மையானவர் திரு கந்தையா. 1970களின் இறுதியிலிருந்து அவர் எழுதிய கட்டுரைகள் இலங்கை ஆங்கிலத்துக்குத் தனக்கென ஓர் இலக்கணம் உண்டு என்று நிறுவின. ஆங்கிலம் இந்நாட்டில் வெட்டும் ஆயுதமாக எப்படிப் பயன்பட்டது என்பதையும் 1984இல் அவர் ஆராய்ந்தார். அர்ஜுன பராக்கிரம 1995இல் நியம மொழி என்ற கருத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். மனிக் குணசேகரவின் நூல் 2005இலும் மைக்கல் மெய்லரின் இலங்கை ஆங்கில அகராதி 2007இலும் வந்தன. இவை யாவும் மதிப்புக்குரிய உழைப்பு. ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில், கொழும்பு, கண்டி நகரங்களின் ஆங்கிலம் பேசும் குடும்பங்களே ஆய்வாளரின் காதுக்கு அருகில் இருந்திருக்கின்றன. கிண்ணியா ஆசிரியையின் ஆங்கிலம், துறைமுகக் களஞ்சியத்தில் வேலைசெய்தவரின் ஆங்கிலம், 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளிக்கும்வரை அங்கே எழுதுவினைஞர்களாக இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று பேசும் ஆங்கிலம் ஆகியவை இன்னும் போதிய அளவு பதிவாகவில்லை என்பது என் முடிவு.

சுரேஷ் கனகராஜா வேறு திசையில் போனார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1994 வரை ஆங்கிலம் கற்பித்தவர், பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானவர். யுத்தக் காலத்தில் தம் வகுப்பு மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கிவைத்த படங்களையும் தமிழ் வரிகளையும் எடுத்து ஆராய்ந்து 1993இல் கட்டுரை எழுதினார். அந்த ஓரக்குறிப்புகளில் பாடநூலின் உலகத்தை மாணவர் ஏற்க மறுத்தது தெரிந்தது. அதே மாணவர் தேர்வுக்காக இலக்கணத்தை மட்டும் கற்றுத்தருமாறு கேட்டதும் தெரிந்தது. எதிர்ப்பும் தேவையும் ஒரே மேசையில். 1999இல் வந்த அவரது நூல் இந்த ஆய்வை விரித்தது. 2002இல் வந்த மற்றொரு நூல், உலக ஆய்விதழ்களின் விதிகள் ஏழை நாட்டு அறிஞரை எப்படி வாசலிலேயே நிறுத்துகின்றன என்று பேசியது. மின்சாரமும் நல்ல தாளும் இல்லாத யாழ்ப்பாணத்திலிருந்து, பல பிரதிகள் கேட்கும் இதழுக்கு ஒரு கட்டுரையை எப்படி அனுப்புவது என்பதில் தொடங்கி அவர் அதைச் சொல்கிறார்.

அவருடைய வகுப்பில் இருந்தவர்கள் தமிழ் மாணவர்கள். திருகோணமலையில் நிலை வேறு. 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 3,80,000 பேர். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய மூவரில் எவரும் பாதிக்கு மேல் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டமும், 1987இல் தமிழும் ஆட்சிமொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்ற பதின்மூன்றாம் திருத்தமும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது. ஆங்கிலம் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. மத்திய சந்தையிலும் பஸ் நிலையத்திலும் மூன்று சமூகத்தாரும் தமிழாலும் சிங்களத்தாலுமே இணைகிறார்கள். இணைப்பு மொழி உண்மையில் யாரை யாரோடு இணைக்கிறது, எந்த அலுவலகக் கதவுக்குப் பின்னால் மட்டும் இணைக்கிறது என்று அளந்து சொல்ல இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான களம் நாட்டில் குறைவு.

அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மட்டக்களப்பிலும் திருகோணமலை பாலையூற்றுப் பகுதியிலும் வாழும் பறங்கியரிடையே இலங்கைப் போர்த்துக்கேயக் கலப்பு மொழி இன்னும் மிஞ்சியிருக்கிறது. பேசுவோர் முதியவர்கள், தொகை சுருங்கி வருகிறது. இயன் ஸ்மித் 1970களில் மட்டக்களப்புப் பேச்சை ஆராய்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவில் சேவையாளர் ஹியூ நெவில் தொகுத்துவைத்த பாடல்களைக் கொண்டு டேவிட் ஜாக்சன் 1990இல் நூல் எழுதினார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ குழு கடந்த பத்தாண்டில் ஒலியும் ஒளியுமாகப் பதிவுசெய்தது. இம்மொழியின் சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கியக் கட்டுமானமோ தமிழோடு நெருங்கியது. வினை இறுதியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும். அந்த நெருக்கத்தை விளக்கத் தமிழ் பேசி வளர்ந்த ஆய்வாளருக்கு இயல்பான தகுதி உண்டு. எழுதியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர், எழுதிய மொழி ஆங்கிலம், பாலையூற்றிலிருந்து வளாகத்துக்குச் சில மைல் தூரம். ஊசோன் பாலந்தையின் போர்த்துக்கேய வழியைத் தேடுவோரும் இந்தப் பாடல்களையும் கதைகளையும் ஒருமுறை புரட்டித்தான் ஆக வேண்டும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். செல்வா கனகநாயகம் தொரன்ரோவிலிருந்தும் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் இங்கிலாந்திலிருந்தும் ஈழத் தமிழ் எழுத்தை ஆங்கில வாசகரிடம் கொண்டுசேர்த்தார்கள். ஹோம்ஸ்ட்ரோம், சாஷா எபெலிங் இருவரும் மொழிபெயர்த்த யுத்தக்காலக் கவிதைத் தொகுப்பு 2016இல் வந்தது. அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் ஆங்கில உலகம் ஈழத்திடம் கேட்டது பெரும்பாலும் யுத்தத்தை. கேட்டதே பெயர்க்கப்பட்டது. மூதூரின் வ. அ. இராசரத்தினம் கடற்கரைக் கிராமத்து மனிதர்களை வைத்து எழுதிய 'தோணி' சாகித்தியப் பரிசு பெற்ற தொகுப்பு. அந்த மண்ணின் மொழியை அறிந்த ஒருவர் அதை ஆங்கிலத்தில் முழுமையாகச் செய்து, செய்யும்போது நேர்ந்த தடைகளைத் தமிழில் எழுதிவைத்தால், அது முதுகலைப் பட்டத்துக்குப் போதுமானதற்கும் மேலானது.

இதில் ஒரு தொடரை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: தமிழில் எழுதிவைத்தால். கைலாசபதி பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வு 1968இல் ஆங்கிலத்தில் நூலாயிற்று. சங்கப் பாடல்களைப் பற்றிய அந்த நூல் தமிழுக்கு வரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. கனகராஜாவின் நூல்களைத் தமிழாசிரியர் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? அவை பேசுவது அவர்களுடைய வகுப்பறையை. ஏ. ஜே. கனகரட்ணா இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர். ஆங்கிலத்தில் ஊறிய அவர், வாசித்தவற்றைத் தமிழில் சொல்வதையும் தமிழ் எழுத்தை ஆங்கிலத்தில் அறிமுகம் செய்வதையும் வாழ்நாள் வேலையாகக் கொண்டார். பட்டமும் பதவி உயர்வும் ஆங்கில ஆய்விதழையே பெரிதும் எண்ணும் இன்றைய முறையில், அவருடைய வேலைக்கு மதிப்பெண் குறைவாகவே கிடைக்கும். அந்த முறைதான் மாற வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டாம் என்பது என் கருத்தன்று. உலகத்தோடு பேச அது வேண்டும், பேச வேண்டிய செய்தியும் நம்மிடம் உண்டு. ஆங்கிலத்துறையில் செய்யப்படும் ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழில் ஒரு முழுமையான வடிவம், குறைந்தது இருபது பக்கக் கட்டுரையாவது, கட்டாயமாக்கப்பட வேண்டும். சிங்கள மாணவருக்குச் சிங்களத்தில் அதே விதி. ஊசோன் பாலந்தைக்கும் மோகனாங்கிக்கும் ஆங்கில மூலங்களோடும் முன்மாதிரிகளோடும் ஒப்பிட்ட ஆய்வுப் பதிப்புகள் தேவை. ஆங்கிலத்துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து வழிகாட்டும் ஆய்வேடுகளை வளாகங்கள் அனுமதிக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, துறைத்தலைவர்களின் ஒரு கூட்டத் தீர்மானம் போதும்.

வாசகரிடமும் ஒரு வேண்டுகோள். திருகோணமலை, மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பகுதிகளில் பழைய பாடசாலை மலர்கள், கூத்துக் கொப்பிகள், கடற்படைத் தளத்தில் வேலைசெய்த தாத்தாவின் கடிதங்கள், 1950க்கு முந்திய ஆங்கிலப் பாடநூல்கள் என்று வீட்டுப் பெட்டிகளில் இருப்பவற்றை எறிந்துவிடாதீர்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்னூலாக்கி வரும் நூலகம் நிறுவனத்துக்கோ, அருகிலுள்ள வளாக நூலகத்துக்கோ படியெடுக்கக் கொடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.